அது அவங்க தராசு, இது எங்க தராசு

எனக்கு அப்போது பதிமூன்று வயது. மாசி மாதம். ராசிபுரத்துக்குக் கிழக்கே எங்கள் மேட்டுக்காட்டில் பத்து மாதம் நின்ற குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் நானும் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரிக்குப் போனோம். வாசலில் நாலு கிழங்கை உருவி எடுத்து, கழுவி, எடை போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி மறுபடி எடை போட்டார்கள். 28 பாயிண்ட் என்றார்கள். ஆனால் பணம் பதினைந்து நாள் கழித்துத்தான். அப்பாவுக்கு அன்றே காசு வேண்டும். வண்டியைத் திருப்பிக்கொண்டு இன்னொரு பேக்டரிக்குப் போனோம். அங்கே 25 பாயிண்ட்.

"ஏனுங்க, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அங்க இருவத்தெட்டு வந்துச்சுங்களே?" என்றார் அப்பா.

தராசுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அவங்க தராசுங்க. இது எங்க தராசு."

பாயிண்ட் என்றால் என்னவென்று சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அது கிழங்கில் உள்ள மாவுச் சத்தின் அளவு. 28 பாயிண்ட் என்றால் நூறு கிலோ கிழங்கில் ஏறக்குறைய 28 கிலோ மாவு. மாவு தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே மாவு கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். விலை பேசுவதே ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்றுதான். மூன்று பாயிண்ட் குறைந்தால் ஒரு லோடில் என்ன போகும் என்பது அப்பா அன்று வழி நெடுகப் பேசாமல் வந்ததில் தெரிந்தது.

பின்னாளில் யோசித்துப் பார்த்தபோது, அந்தத் தராசுக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை என்று தோன்றியது. லோடின் மேலிருந்து எடுத்த கிழங்கா, அடியிலிருந்து எடுத்ததா? மண் ஒட்டியிருந்ததா? கட்டைத் தண்டை நறுக்கினார்களா, அப்படியே போட்டார்களா? வெயிலில் ஒரு மணி நேரம் நின்றதில் என்ன ஆனது? தொட்டித் தண்ணீர் காலையிலிருந்து மாற்றாத கலங்கல் தண்ணீரா? இதில் எதையுமே யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதபோது இரண்டு தராசும் சரியாக இருந்தாலும் இரண்டு விடை வரும். அறுவடைக் காலத்தில் கலெக்டர் ஆபீஸில் அதிகாரிகள், ஆலைக்காரர்கள், விவசாயிகள் கூடும் முத்தரப்புக் கூட்டங்களில் விவசாயிகள் பாயிண்ட் பார்ப்பதைப் பற்றிக் குரல் எழுப்புவதன் பின்னால் இருப்பதும் இதுதான்.

மருந்து ஆராய்ச்சி உலகம் கடந்த ஐம்பது ஆண்டாக முட்டி மோதுவதும் இதே கேள்வியோடுதான். ஒரே சரக்கு, இரண்டு ஊர், இரண்டு விடை. அங்கே கிழங்குக்குப் பதில் மாத்திரை.

*

என் மாமன் மகன் குமாரபாளையம் பக்கம் பி.பார்ம் படித்துவிட்டு ஹைதராபாத்துக்குப் போனவன். எங்கள் ஊர்ப்பக்கம் இது இப்போது சகஜம். பவானி ஆற்றங்கரையிலிருந்து சேலம் வரை பார்மஸி கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத் என்று கியூசி, கியூஏ என்னும் தரக் கட்டுப்பாடு, தர உறுதி வேலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். மூன்று கண்டங்களில் ஆய்வுக்கூடங்கள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் இவனுக்கு வேலை. "சேந்த முதல் ரெண்டு மாசம் மருந்தையே தொடலடா. எஸ்ஓபி படிச்சேன், கையெழுத்துப் போட்டேன். படிச்சேன், கையெழுத்துப் போட்டேன்" என்பான்.

எஸ்ஓபி என்றால் நிலையான செயல்முறை. ஒரு வேலையை யார், எப்போது, எந்தக் கருவியால், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் தாள். நிறுவனம் ஒன்றாகவும் ஆய்வுக்கூடம் மூன்றாகவும் இருக்கும்போது, பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் வாங்கிச் சேர்த்த கூடங்கள்தான் அவை. ஒவ்வொன்றும் தன் பழைய வழக்கத்தோடு வந்து சேரும். புது மருமகள்கள் மூன்று பேர் ஒரே சமையலறைக்கு வந்ததைப் போல. மூவருக்கும் ரசம் வைக்கத் தெரியும், மூன்று ரசமும் ஒன்றாக இருக்காது.

அவன் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறக்கவில்லை. ஒரே மாத்திரையின் மாதிரியை மூன்று கூடங்களுக்கும் அனுப்பி, மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு இடத்து விடையும் ஒட்டி வந்தது. இவர்கள் கூடத்து விடை மட்டும் குறைவு. கருவியைச் சோதித்தார்கள், கரைப்பானை மாற்றினார்கள், ஆளை மாற்றினார்கள். விடை அப்படியே. கடைசியில் பார்த்தால் செய்முறைத் தாளில் இருந்த ஒரு வார்த்தைதான் காரணம்: 'நன்றாகக் கலக்கவும்'. அங்கே உள்ளவர்களுக்கு நன்றாக என்றால் ஒலி அதிர்வுத் தொட்டியில் கால் மணி நேரம் வைப்பது. இங்கே உள்ளவர்களுக்குக் கையால் இரண்டு நிமிடம் குலுக்குவது. இங்கே மாத்திரை முழுதாகக் கரையாமலே அளந்திருக்கிறார்கள். அதன் பிறகு தாளில் 'நன்றாக' போய், நிமிடக் கணக்கும் தண்ணீரின் வெப்பமும் வந்தன.

இந்த வேலையில் பாதி இப்படி வார்த்தைகளைக் கொல்வதுதான். 'சிறிது', 'தேவையான அளவு', 'உடனடியாக', 'அறை வெப்பம்'. கடைசியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து ஒருவர் அறை வெப்பம் என்று எழுதினால் அவர் மனதில் இருப்பது 20, 25 டிகிரி. சித்திரை மாதம் சேலம் ஐந்து ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் பின் அறைக்குள் போய் நின்று பாருங்கள். இதற்காகத்தான் மருந்து கெடாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு உலகத்தையே வெப்பமும் ஈரமும் பார்த்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு 25 டிகிரியும் 60 சதவீத ஈரமும் போதும். இந்தியாவுக்கு 30 டிகிரி, 70 சதவீத ஈரம்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. காலாவதித் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும்? ஆகவே மாதத்தை எழுத்தில் எழுது என்று ஒரு விதி. சின்ன விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட ஆயிரம் சின்ன விஷயங்களின் மூட்டைதான் 'உலகத் தரம்' என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது.

நாடுகளுக்கு இடையிலும் இதே பேச்சு நடந்தது. 1990இல் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றின் மருந்துக் கட்டுப்பாட்டாளர்களும் நிறுவனங்களும் கூடித் தொடங்கிய ஐசிஎச் என்ற அமைப்புதான் இன்று சோதனை முறையை எப்படி நிரூபிப்பது, மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும்போது எதை எழுதுவது என்பதற்கெல்லாம் பொது நெறிகளைத் தருகிறது. மனிதச் சோதனைக்கான நெறி 1996இல் வந்தது. அதன் மூன்றாவது வடிவம் 2025 ஜனவரியில் முடிவானது. விலங்குகளில் நச்சுத்தன்மை பார்க்கும் கூடங்களுக்கான ஜிஎல்பி எனும் நல்ல ஆய்வக நடைமுறைக்கு வேறு வரலாறு. 1970களில் அமெரிக்காவில் ஐபிடி என்ற பெரிய சோதனைக் கூடம் செய்யாத சோதனைகளுக்கு முடிவு எழுதிக் கொடுத்தது அம்பலமானதில் பிறந்தது அது. ஒரு நாட்டின் ஜிஎல்பி கூடத்துத் தரவை மறு நாடு மறுசோதனை இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2011இல் முழு உறுப்பானது. அவங்க தராசு, எங்க தராசு என்ற பேச்சு அந்த அளவுக்கு அங்கே ஒழிந்தது.

*

நம் கிழங்குக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவு வெறும் உவமை இல்லை. மாத்திரை என்று நாம் விழுங்குவதில் பலவற்றில் மருந்தோடு மாவும் இருக்கிறது. மாவுக் கஞ்சி காய்ச்சி மருந்துத் தூளைப் பிடித்து உருட்டுவார்கள். அதே மாவு வயிற்றுக்குள் போனதும் தண்ணீரை உறிஞ்சி உப்பி மாத்திரையை உடைக்கும். மக்காச்சோளம், அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு நம் மரவள்ளியின் மாவையும் இந்திய மருந்து நூல் ஏற்றுக்கொள்கிறது.

எந்த மாவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அயோடின் விட்டால் எல்லா மாவும் ஒன்றுபோல நீலமாகும், பயன் இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டு வெளிப்படும். மக்காச்சோள மாவின் துகள் பட்டை பட்டையாக மூலையோடு இருக்கும். மரவள்ளித் துகள் உருண்டை, ஒரு பக்கம் மட்டும் கத்தியால் சீவியது போல இருக்கும், சின்ன முரசு மாதிரி. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலப்பதாகச் சேலத்தில் வருஷா வருஷம் எழும் புகாருக்கு இந்த ஒரு பார்வையே பதில் சொல்லும்.

சேலத்து ஜவ்வரிசியின் கதையே தரத்தின் கதைதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, ஜாவா பக்கத்து ஜவ்வரிசி நின்றுபோனபோது, 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து இங்கேயே உருட்டத் தொடங்கினார்கள். சிறு ஆலைகள் பெருகின. வியாபாரிகளின் பிடியிலிருந்து அவற்றைக் காக்க 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. உறுப்பினர் ஆலைகளின் சரக்கை வாங்கி வைத்து, மாதிரி எடுத்துப் பார்த்து, ஏலத்தில் விற்கும் அமைப்பு. நூற்றுக்கணக்கான ஆலை, ஒரே தரம் என்பது எத்தனை கடினம் என்று அதை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டும். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் வடக்கே விரத நாளில் கிச்சடி கிண்டுபவர்களுக்கு ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். வாங்குபவர் கண்ணால் பார்க்கும் வெண்மைக்கு விலை உண்டு. சாம்பல் எத்தனை சதவீதம் என்பதற்கு யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தருவதில்லை. மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சந்தை கேட்பதோ வெள்ளை. அப்புறம் தோலை ஒழுங்காகச் சீவாமல் அரைத்துவிட்டு ரசாயனத்தால் வெளுக்க வைக்கும் ஆசை ஏன் வராது? அளக்க எளிதானதை அளந்துவிட்டு அதையே தரம் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். மருந்து நிறுவனங்களிலும் இதே நோய் உண்டு. இந்த மாதம் எத்தனை எஸ்ஓபி திருத்தினோம், எத்தனை பேர் பயிற்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பட்டியல் போட்டு மேலே அனுப்புவார்கள். அது ஜவ்வரிசியின் வெண்மை.

*

சரி, எழுதியாயிற்று, எல்லாரும் ஒரே மாதிரி செய்கிறார்கள். விடை மோசமாக வந்தால்?

இங்கேதான் இந்தத் துறையின் முதுகெலும்பு சோதிக்கப்படுகிறது. மறுபடி ஒரு முறை அளந்து பார்ப்போம் என்பது மனித இயல்பு. மறுபடியும் சரியில்லையா, இன்னொரு முறை. ஏழாவது முறை நல்ல விடை வந்தால் அதை எழுதி மற்ற ஆறையும் கிழித்துப் போடலாம். பார் லேபரட்டரீஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழக்கில் 1993இல் நியூ ஜெர்சி நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் இதைத்தான் உடைத்தார். தேறும்வரை சோதிப்பது சோதனை ஆகாது. முதல் விடை தவறென்றால் ஏன் தவறென்று காரணம் காட்டு என்றது தீர்ப்பின் சாரம். இன்று உலகம் முழுக்க எல்லை தாண்டிய விடைக்கு விசாரணை நடத்தும் முறை அந்த வழக்கிலிருந்து வளர்ந்தது.

அதே காலத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைச் சேர்ந்த ஸ்டான் வூலன் என்பவர் பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதை 'அல்கோவா' என்று ஒரே சொல்லில் அடைத்தார். யார் எழுதியது என்று தெரிய வேண்டும். படிக்க முடிய வேண்டும். வேலை நடந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். முதல் தாளாக இருக்க வேண்டும், நகலாக அல்ல. சரியாக இருக்க வேண்டும். எழுதாதது நடக்காதது என்று கியூஏக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. எழுதியதெல்லாம் நடந்ததா?

2014இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஹைதராபாத்தில் ஜிவிகே பயோசயின்சஸ் கூடத்துக்கு வந்து மனிதச் சோதனைக் கோப்புகளைப் புரட்டினார்கள். இதயத் துடிப்பு வரைபடங்களில் தில்லுமுல்லு இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டுக் கம்பி வைத்து எடுக்கும் இசிஜி ஆளுக்கு ஆள் வேறுபடும், கைரேகை மாதிரி. பல பேருடையது என்று கோத்து வைத்திருந்தவற்றில் ஒரே ஆளின் கோடுகள் தெரிந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நிறுவனம் மறுத்தது. மருந்துகளால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய மருந்து முகமையும் சொன்னது. ஆனாலும் 2015 ஜனவரியில், அந்தக் கூடத்தின் சோதனையை நம்பி அனுமதி பெற்ற சுமார் 700 மருந்து வடிவங்களை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவுடனான வர்த்தகப் பேச்சையே இந்தியா அந்த ஆண்டு தள்ளிப்போட்டது. சில தாள்களின் விலை அவ்வளவு.

அதற்கு முன்பே ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்து நிறுவனம். எஸ்ஓபி இல்லாத நிறுவனமா அது? உள்ளே தரவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த தினேஷ் தாக்கூர்தான், இல்லாத சோதனைகளுக்கு எண்கள் இருப்பதைக் கண்டு அமெரிக்க அரசிடம் சொன்னார். 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது நிறுவனம்.

இந்த இரண்டிலும் செய்முறைத் தாளில் குறை இல்லை. மோசமான எண்ணை எழுதிய ஆளுக்கு அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்பதை எந்த எஸ்ஓபியும் சொல்லவில்லை, குறை அங்கே. தரக் கட்டுப்பாட்டைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் கடைசியில் எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

நம் வாசலுக்கே வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒவ்வொன்றாகப் போயின. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். கோல்ட்ரிஃப் என்ற அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா ஆலையில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சென்னையில் சோதித்தபோது டைஎதிலின் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படுவது 0.1 சதவீதம். ஆலையின் உரிமம் ரத்தானது. வழக்கு நடக்கிறது.

இந்த நஞ்சு புதிதல்ல. 1937இல் அமெரிக்காவில், 1972இல் இதே சென்னையில், 1986இல் மும்பையில், 1998இல் குருகிராமில், 2022இல் காம்பியாவில் என்று அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பெரும்பாலும், கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரின், புரோப்பிலின் கிளைக்கால் டிரம்முக்குள் இதுவும் வந்து சேர்கிறது. தடுக்கும் முறை என்னவென்று உலகத்துக்குத் தெரியும். மருந்துத் தரச் சரக்கை மட்டும் வாங்கு. வந்த ஒவ்வொரு டிரம்மையும் திறந்து மாதிரி எடுத்துச் சோதி. விடை வரும்வரை டிரம்மை உள்ளே விடாதே. இதில் புரியாதது எது?

இந்தியாவின் உற்பத்தி விதியான ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. தர அமைப்பு, ஆபத்து மதிப்பீடு எல்லாம் உலக நெறிக்கு ஏற்றபடி அதில் உண்டு. சிறு, நடுத்தர ஆலைகளுக்கு மட்டும் அவகாசம் 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. சிந்த்வாரா அந்த அவகாசத்துக்குள் நடந்தது. சின்ன ஆலைக்குச் செலவு தாங்காது என்ற வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை, சேகோ ஆலை முதலாளிகளிடமும் கேட்ட வாதம்தான். ஆனால் டிரம்மைத் திறந்து பார்ப்பதற்கு எதற்கு அவகாசம்?

*

மாமன் மகன் போன தை மாதம் பொங்கலுக்கு வந்திருந்தான். இப்போது மூன்று கூடங்களின் எஸ்ஓபிகளையும் ஒன்றாக்கும் குழுவில் இருக்கிறான். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதுதான் தன் வேலை என்றான். நாற்பது பக்கச் செயல்முறையை யாரும் படிப்பதில்லை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தெலுங்கு மட்டும் தெரிந்த ஆளுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டுப் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று ஒப்பம் வாங்குவது யாரை ஏமாற்ற என்று அவனே கேட்டான்.

கரிநாளன்று நாமக்கல் பக்கம் எங்கள் சித்தப்பா கோழிப்பண்ணைக்குப் போனோம். கொட்டகை வாசலில் கம்பியில் ஒரு அட்டை தொங்கும், எல்லாப் பண்ணையிலும் உண்டு. தினம் எத்தனை முட்டை, எத்தனை மூட்டைத் தீவனம், எத்தனை கோழி செத்தது. இவன் போனதும் முதலில் அந்த அட்டையைத்தான் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். செத்தது என்ற கட்டத்தில் 2, 2, 1, 2, 2, 2, 1.

கொட்டகை பார்க்கும் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். "வெள்ளிக்கெழம ராத்திரி ஒண்ணா எழுதிப்போடுவனுங்க தம்பி. சனிக்கெழம முதலாளி பார்ப்பாரு."

"நெசமாவே தினம் ரெண்டுதான் செத்துச்சுங்களா?"

பெரியவர் கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருந்த சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "செவ்வாக்கெழம ஏழுங்க. மூணுக்கு மேல எழுதினா சத்தம் போடுவாருங்க."

இவன் அட்டையைத் திரும்பக் கம்பியில் மாட்டினான். சித்தப்பா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை எப்போது கழுவினார்கள், டாக்டர் எப்போது வந்தார் என்று அவரிடம் வேறு எதையோ பேசத் தொடங்கினான்.